இந்தோனேசியப் படத்தில் என் தொண்டை

மாட்டுங்கா கிழக்கு,
திங்கட்கிழமை, காலை மணி 10.40

சான்பாடாவில் சுகவாசம் செய்யும் அத்திம்பேர் அனந்தநாராயணன் அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் வெங்கடேஸ்வரன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. அக்காவுக்கும் என் நமஸ்காரம். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இவ்விடம் விசாலாக்ஷி சௌக்கியம். வாசலில் வைத்த துளசி சௌக்கியம். நான் சௌக்கியமில்லை.

குர்லாவில் ஒரு வண்டி மாறினால் ஐம்பது நிமிஷத்தில் உங்கள் வீட்டு மணியை அழுத்தலாம். அப்படியிருக்க லெட்டர் எதற்கு என்று கேட்பீர்கள். ஃபோனில் பேசினால் பக்கத்தில் நின்று விசாலம் கேட்பாள். நேரில் வந்தால் அக்கா சிரிப்பாள். லெட்டரில்தான் ஒரு மனுஷன் சொல்ல வந்ததை யாரும் நடுவில் சிரிக்காமல் முழுசாகச் சொல்ல முடியும். விஷயம் இதுதான். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் நீங்கள் ஜகார்த்தாவில் இருக்கும் ரஞ்சனாவைக் கூப்பிட்டு, அந்தச் சத்தத்தைப் படத்திலிருந்து எடுத்துவிடு என்று சொல்ல வேண்டும். நான் சொன்னால் கேட்க மாட்டாள். நீங்கள் சொன்னால் கேட்பாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, என் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டு, "ஜகார்த்தாதானேடா, போயிட்டு வரட்டும்" என்று சொன்னது நீங்கள்தான். நான் மறக்கவில்லை.

பெண் சவுண்ட் படித்தாள். சத்தத்தைப் படிக்கக் காலேஜ் உண்டு என்பதே அவள் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும். படத்தில் மழை பெய்தால் மழைச் சத்தம், கதவு திறந்தால் கதவுச் சத்தம், இதையெல்லாம் தனியாகப் பிடித்துவந்து சேர்க்கிற வேலையாம். அதை பம்பாயில் சேர்க்கக் கூடாதா? இங்கே மழை இல்லையா, கதவு இல்லையா? இந்தோனேசியாவில்தான் சேர்ப்பேன் என்று போனாள். சரி, போனாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு எழுந்திருக்கிற நேரத்தில் ஃபோன் பண்ணினாள். அவள் வேலை பார்த்த படம் ஐரோப்பாவில் ஏதோ ஒரு பெரிய விழாவில் சவுண்டுக்கான பரிசுக்கு, கடைசி ஐந்து படங்களில் ஒன்றாக வந்திருக்கிறதாம். "அதுல உன் குரல் இருக்குப்பா. ஒரு ஃபார்ம் அனுப்பறேன், கையெழுத்து போட்டு அனுப்பிடு" என்றாள். குரலுக்கு உரியவருடைய சம்மதம் இருந்தால்தான் வெளிநாடுகளில் படத்தைத் திரையிடுவார்களாம். அதற்குள் லைன் போய்விட்டது.

என் குரல் என்றால் நான் எதை நினைப்பேன், நீங்களே சொல்லுங்கள். தினமும் பூஜையில் பூபாளத்தில் நாலு வரி பாடுகிறேன். விசாலம் அந்த நேரம் பார்த்து மிக்ஸி போடுவாள் என்பது வேறு விஷயம். இந்தோனேசியா என்றால் எனக்குத் தெரிந்தது என்ன? அங்கே ராமாயணம் ஆடுகிறார்கள், தோல் பொம்மையை வைத்து நிழலில் காட்டுகிறார்கள். ஆக, ராமாயணப் படம், அதில் விடியற்காலைக் காட்சி, பின்னால் மாட்டுங்கா வெங்கடேஸ்வரனின் பூபாளம். முப்பத்தாறு வருஷம் ஆபீஸில் ஃபைல் பார்த்தவன் நான். காகிதம் எல்லாம் வரிசையாகப் பொருந்திவிட்டால் மேலே கேள்வி கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

அன்று சாயங்காலமே பூக்கடைச் சந்தில் எங்கள் மூத்தோர் மன்றத்துக் காரியதரிசி சங்கரன் எதிரே வந்தார். அவரிடம் சொன்னது என் தப்பு. சங்கரனுக்குப் பாராட்டு விழா நடத்துவதென்றால் சாப்பாடு வேண்டாம். போன வருஷம் ஒருத்தருக்கு இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கே பொன்னாடை போர்த்தியவர். அவர் அங்கேயே, கையில் கதம்பப் பொட்டலத்தோடு, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஹாலில் படத்தைத் திரையிட்டு எனக்குப் பொன்னாடை என்று முடிவு செய்துவிட்டார். நான் ரஞ்சனாவிடம் படத்தை அனுப்பு, அனுப்பு என்று நாலு நாள் பிடுங்கினேன். கடைசியில் ஒரு லிங்க் அனுப்பினாள். கீழே நாலு வரி எழுதியிருந்தாள். நான் முதல் வரி மட்டும் படித்தேன். அதில் 'அன்புள்ள அப்பா' என்று இருந்தது. மற்ற மூன்று வரிகளில், படம் இன்னும் வெளியாகவில்லை, நீயும் அம்மாவும் மட்டும் பாருங்கள், தயவுசெய்து வேறு யாருக்கும் காட்டாதே என்று இருந்ததைப் பின்னால்தான் படித்தேன். அதைப் பற்றி நீங்கள் அவளிடம் பேச்செடுக்க வேண்டாம்.

மாஹிமிலிருந்து மைக்செட் கலீலுல்லா வந்து திரை கட்டினார். கூடவே கச்சேரிக்கு வைக்கிற பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ் இரண்டு. என் குரல் வருவது எந்த இடம் என்று தெரியாது, வந்தால் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும், ஏற்றி வையுங்கள் என்று அவரிடம் சொன்னது நான்தான். ஏற்றி வைத்தார். விசாலம் இரண்டு தூக்கு நிறையச் சுண்டல் பண்ணிக்கொண்டு வந்தாள். அறுபத்திரண்டு பேர். படத்துக்கு முன்னால் நான் பதினைந்து நிமிஷம் பேசினேன். பத்து வருஷத்துக்கும் மேலாக இந்தோனேசியப் படங்களை உலகத்து விழாக்களில் கூப்பிட்டு உட்காரவைத்துப் பரிசு கொடுக்கிறார்கள், அங்கே பெண்கள் டைரக்ட் செய்து பெயர் வாங்குகிறார்கள், நாம்தான் பக்கத்து வீட்டுக்காரனைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கிறோம் என்றெல்லாம் நெட்டில் பார்த்துக் குறிப்பெடுத்ததை வாசித்தேன். நல்ல கைத்தட்டல். அவர்களுடைய பேய்ப் படங்களுக்கும் வெளியே பெரிய மரியாதை இருக்கிறது என்று குறிப்பில் ஒரு பத்தி இருந்தது. நம் சபைக்கு அது எதற்கு என்று முந்தின நாளே பேனாவால் அடித்துவிட்டேன்.

படம் ஆரம்பித்தது. ஒரு சதுப்பு நிலம், ஓரத்தில் ஒரு மரவீடு, அதில் ஒரு அப்பா, ஒரு அம்மா, ஒரு சின்னப் பெண். முக்கால் மணி நேரம் போயும் ராமரைக் காணோம். கீழே ஓடிய இங்கிலீஷ் எழுத்து பொடிப்பொடியாக இருந்ததால் முன் வரிசையில் யாருக்கும் எதுவும் புரியவில்லை. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஒருத்தி சதுப்பிலிருந்து எழுந்து வந்தாள். சங்கரன் என் காதில், "தாடகையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது, விழா நாயகன் நான். அவள் வீட்டு வாசலில் வந்து நின்று கதவிடுக்கில் முகத்தை வைத்தாள். உள்ளே அந்தப் பெண் குழந்தை நடுங்கிக்கொண்டிருக்கிறது. பின்னணியில் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. ஹாலில் சுண்டல் மெல்லுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. தாடகை மெதுவாக, திரை முழுக்க, வாயைத் திறந்தாள்.

அப்போது வந்தது, அத்திம்பேர், என் குரல். இரண்டு பாக்ஸிலும்.

அது என்ன சத்தம் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உங்கள் சான்பாடா வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது எங்கள் வீட்டில் எட்டு நாள் தங்கினீர்கள். காலை ஐந்து பத்துக்கு வாஷ்பேசின் முன்னால் நின்று நான் நாக்கு வழிப்பதைக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றாம் நாளே பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று ஃபோனில் விசாரித்தீர்கள். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, தொண்டையில் ஒரு சுற்று சுற்றி, கடைசியில் ஓர் உறுமலோடு முடியும். நாக்கை வழித்தால் முழுசாக வழிக்க வேண்டும் என்பது என் கட்சி. பேசின் பக்கத்து ஜன்னல், கட்டடத்தின் நடுவில் காற்றுக்காக விட்ட டக்டைப் பார்த்து இருப்பதால் நாலு மாடிக்கும் கேட்கும். ஹவுசிங் சொசைட்டிக் கூட்டத்தில் ஒரு தடவை இதைப் பற்றித் தீர்மானமே கொண்டுவந்தார்கள். தோற்றது.

ஹாலில் இருந்த அறுபத்திரண்டு பேரில் பதினேழு பேர் எங்கள் கட்டடம். முதல் இரண்டு விநாடி எல்லோரும் அலறினார்கள். அலறல் அடங்கிய பிறகு, மூன்றாம் மாடி மாமி சாவதானமாக, "இது நம்ம வெங்கடேஸ்வரன் நாக்கு வழிக்கறதுன்னா" என்றாள். அவ்வளவுதான். பாதிப் பேர் பயந்து வாசலுக்கு ஓடினார்கள், பாதிப் பேர் சிரித்துக்கொண்டே ஓடினார்கள், ஒருத்தர் செருப்பை ஒருத்தர் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். சங்கரன் லைட்டைப் போடச் சொல்லிவிட்டு, கையில் பாதி பிரித்த பொன்னாடையோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு மன்றத்தின் மரியாதையை நினைத்தாரோ என்னவோ, போர்த்திவிட்டார். நான் அதைப் போர்த்திக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். விசாலம் தூக்கை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று அங்கேயே தங்கிவிட்டாள். பொறுமையாக ஒரு மணி நேரம் கழித்து வந்தாள்.

அதற்குப் பிறகு இந்தப் பதினைந்து நாளாக நான் படுகிற பாட்டை எதில் சேர்ப்பது? காய்கறிக்காரன் என்னைக் கண்டால் தராசைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறக்கிறான். லிஃப்டில் குழந்தைகள் அம்மா பின்னால் ஒளிகின்றன. நான் வீம்புக்கு மறுநாளிலிருந்து சத்தமே வராமல், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, வாயில் துண்டை வைத்துக்கொண்டு நாக்கு வழித்தேன். மூன்றாம் நாள் எதிர் ஃபிளாட் குஜராத்தி அம்மாள் வந்து சண்டை பிடித்தாள். இத்தனை வருஷமாக என் சத்தத்தைக் கேட்டுத்தான் அவள் பிள்ளையை எழுப்புகிறாளாம், அவன் இரண்டு நாளாக ஆபீஸுக்கு லேட்டாம். துண்டை வைத்து அடக்கியதில் தொண்டை கட்டிக்கொண்டது. சயானில் ஒரு டாக்டரிடம் போனேன். "ஆ சொல்லுங்கோ" என்றார். வெளியே பெஞ்சில் மன்றத்து ஆட்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் சொல்லவில்லை. வாயைத் திறக்காமல் என்ன மருந்து தருவது என்று அவர் கோபித்துக்கொண்டு அனுப்பிவிட்டார். இதற்கு நடுவில், விழாக்காரர்கள் முன்கூட்டியே போட்டுக் காட்டிய ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் அந்தப் படத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று விசாலம் ஃபோனை நீட்டினாள். பூமிக்கு அடியிலிருந்து எழும் ஒரு சத்தம் என்று முதல் வரி. பூமிக்கு அடியிலிருந்து இல்லை, இரண்டாவது மாடியிலிருந்து. அதற்கு மேல் படிக்க எனக்கு மனசில்லை.

ரஞ்சனாவிடம் கேட்காமல் விட்டேனா? அன்றைக்கே கேட்டேன். பெற்ற அப்பாவை ஊர் பார்க்கப் பேயாக்கிவிட்டாயே என்று கேட்டேன். இன்னும் நிறையக் கேட்டேன், அதெல்லாம் எழுதுகிற மாதிரி இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "படத்தை முழுசாப் பார்த்தியாப்பா?" என்றாள். பார்த்த வரைக்கும் போதும், கையெழுத்துப் போட முடியாது, அந்த இடத்தில் வேறு ஏதாவது சத்தத்தைப் போட்டுக்கொள் என்றேன். "வேற சத்தம் எதுவும் அங்க வைக்க மாட்டேன். நீ வேண்டாம்னா அந்த இடத்தைக் காலியா விட்டுடுவேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அம்மாவோடு மட்டும்தான் பேசுகிறாள். ஃபார்ம் மேஜைமேல் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். கையெழுத்து இல்லையென்றால் சத்தத்தை எடுத்துவிட்டுத்தான் படம் வெளியே போக முடியும், சத்தத்தை எடுத்தால் சவுண்டுக்கான பரிசுக்கு அது எப்படி நிற்கும் என்று விசாலம் முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறாள். எனக்குப் பெண்ணின் பரிசில் ஆசை இல்லையா? இருக்கிறது. ஆனால் உலகம் முழுக்க ஒரு பேயின் வாயிலிருந்து என் தொண்டை கேட்பதில் எனக்கு இஷ்டமில்லை.

ஆகையால் தாங்கள் பெரிய மனசு பண்ணி, பேச்சோடு பேச்சாக, அவளிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். காலியாகவெல்லாம் விட வேண்டாம். என் பூபாளத்தை மூன்று தினுசாகப் பாடி ஃபோனில் பதிந்து வைத்திருக்கிறேன். ஒன்றில் மட்டும்தான் மிக்ஸி கேட்கிறது. பேய்க்கே வேண்டுமானாலும் அதை வைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

அக்காவை மழையில் வெளியே போக வேண்டாம் என்று சொல்லவும். தங்கள் முழங்காலுக்கும், குடும்பத்துக்கும், சான்பாடாவில் தண்ணீர் தடையில்லாமல் வருவதற்கும் பகவான் துணையிருக்கட்டும். பெரியவர்கள் ஆசீர்வாதத்தை எதிர்பார்க்கும்,

தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
வெங்கடேஸ்வரன்

பின்குறிப்பு: இன்று வெள்ளிக்கிழமை. ரஞ்சனாவைக் கூப்பிட வேண்டாம். மேலே எழுதியதை ஒன்றும் படிக்காமல் விட்டுவிடவும், ஆனால் இந்நேரம் படித்திருப்பீர்கள். எட்டுப் பக்கம் எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை கவர் தேடப் போன இடத்தில் லெட்டரை விசாலத்தின் கண்ணில் படும்படி வைத்துவிட்டேன். அடுப்படியில் நின்றுகொண்டே முழுசாகப் படித்தாள். முதல் ஐந்து பக்கம் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, அன்றைக்கு நான் பொன்னாடையோடு போன பிறகு படத்தை அவள் கடைசி வரைக்கும் பார்த்தாள் என்றாள். நல்ல சவுண்ட், நடுவில் நிறுத்துவது பாவம் என்று கலீலுல்லா மறுபடி ஓடவிட்டாராம். காலி ஹாலில் அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

அந்தச் சத்தம் பேயினுடையது இல்லையாம் அத்திம்பேர். அந்தப் பேய்க்கு யார் குரல் வேண்டுமானாலும் பேச வருமாம். அம்மா குரலில் கூப்பிடும், பக்கத்து வீட்டுக்காரி குரலில் கூப்பிடும், வெளியூர் போயிருக்கிற அப்பா குரலிலேயே கண்ணே கதவைத் திற என்று கூப்பிடும். திறந்தால் தீர்ந்தது. குழந்தை யாரை நம்பும்? அன்றைக்கு அது கடைசியாகக் கூப்பிட வாயைத் திறக்கிறபோது, பின்னால் கிணற்றடியில் அந்தச் சத்தம். ஊரிலிருந்து வந்த அப்பா நாக்கு வழிக்கிறார். பேய் வாயை மூடிக்கொண்டதாம். அது ஒன்று மட்டும் அதற்குப் பண்ண வரவில்லை. குழந்தை ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தது.

பதினைந்து நாளாக ஏன் சொல்லவில்லை என்று விசாலத்தைக் கேட்டேன். "நீங்க கத்திண்டே இருந்தேள். அப்புறம் என்ன ஆச்சுன்னு ஒரு தடவை கேட்டேளா?" என்றாள். கேட்கவில்லை.

அன்றே கையெழுத்துப் போட்டு, ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் பண்ணி அனுப்பிவிட்டு, ஃபோன் பண்ணினேன். மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் பண்ணினேன். வாயில் வந்தது வேறு. உனக்குக் கேட்க வேறு சத்தமே கிடைக்கவில்லையா, அப்பா பேசறதை எடுத்திருக்கலாமே என்றேன்.

"கிளம்பற வாரம் நீ எங்கிட்ட பேசவே இல்லையேப்பா. ரெகார்டரை வெச்சுண்டு ஏழு நாள் உன் பின்னாடி சுத்தினேன். உன் சத்தம்னு கிடைச்சது அது ஒண்ணுதான். இங்க வந்த புதுசுல தினம் கார்த்தால அதைப் போட்டுக் கேட்டுட்டுத்தான் ரூமை விட்டு வெளியில போவேன்" என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். அந்த ஏழு நாளும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏர்போர்ட்டுக்கும் போகவில்லை. நீங்கள்தான் போனீர்கள். அதற்காக உங்களிடம் மூன்று வருஷமாகக் குத்திக்காட்டிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் நான் உங்களுக்கு நமஸ்காரம் பண்ண வேண்டும்.

இப்போது தினமும் காலையில் நானே அவளுக்கு ஃபோன் பண்ணுகிறேன். என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை. நேற்று மழையில் சென்ட்ரல் லைனில் எந்தெந்த வண்டி ரத்து என்று பேப்பரைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தேன். தாணா ஸ்லோ, கல்யாண் ஃபாஸ்ட் என்று பத்து நிமிஷம் போயிற்று. ஜகார்த்தாவில் இருப்பவளுக்கு இது எதற்கு என்று எனக்கே உறைத்து நிறுத்தினேன்.

"சொல்லுப்பா, கேட்டுண்டுதான் இருக்கேன்" என்றாள்.

கல்யாணையும் தாண்டி அம்பர்நாத் வரைக்கும் வாசித்தேன்.